கொத்தமல்லி வாசனை குறித்த துறை விசாரணை

பணி ஓய்வு பெற்ற மூன்றாம் மாதமே வீட்டில் என் தொல்லை தாங்க முடியாமல் போய்விட்டது. அரிசி டப்பாவுக்கு இருப்புப் பதிவேடு வைக்கலாம் என்று ஒரு யோசனை சொன்னேன். "வெளிய எங்கனா ஒரு ஆபீஸ் பாத்துக்கங்க. இல்லன்னா நான் பாத்துக்கறன்" என்றாள் மனைவி. அப்படித்தான் கோலார் தங்கவயல் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு வாடகைக் கார் கம்பெனியில் மேலாளரானேன்.

கம்பெனி என்றால் ஆறு கார், நான்கு டிரைவர். முதலாளி ஒரு ஹார்டுவேர் கடைக் குடும்பத்துப் பையன், முப்பத்து நாலு வயது, பேச்சில் கன்னடம் கலக்கும். கடைக்குப் பக்கத்தில் பாதி ஷட்டர் அளவுக்கு ஓர் அறை, ஒரு மேஜை, ஒரு போன். கார் சாவிகள் ஆணியில் தொங்கும். எந்த ஆணி எந்தக் கார் என்பது முதலாளிக்கு மட்டும் தெரியும், அதுவும் சில நாட்களில்தான்.

முப்பத்திரண்டு வருடம் ஒரு தொழிற்சாலையின் பணியாளர் பிரிவில் இருந்தவன் நான். ஒருவரை வேலைக்கு எடுக்கும் நடைமுறை, எடுக்காமல் தட்டிக்கழிக்கும் நடைமுறை, எடுத்தபின் வருந்தும் நடைமுறை எல்லாம் எனக்கு மனப்பாடம். இந்த அறையில் ஒரு விதி கூட இல்லை என்று கண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. ஒரு மாதத்தில் இருபத்து மூன்று விதிகள் எழுதி, தட்டச்சு செய்து, சுவரில் ஒட்டினேன். காருக்கு ஏறக்குறைய நான்கு விதி வந்தது.

அதில் ஒன்பதாவது விதிதான் இந்தக் கதைக்கு வேண்டும். "ஒவ்வொரு வண்டியும் தினமும் நீர் ஊற்றிக் கழுவப்பட்டு, காலை ஏழரை மணிக்கு அலுவலகத்தின் முன் நிற்க வேண்டும்." கழுவியதற்கு ஒரு பதிவேடு. டிரைவர்கள் தினமும் அதில் கையெழுத்துப் போட வேண்டும். நால்வரும் ஒரு நாள் தவறாமல் போட்டார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

வாடகைக் கார் வேலையில் காரைப் பற்றிப் பேசும் நேரம் குறைவு. "திருப்பதிக்கு எவ்ளோ?" என்று கேட்பவர் சொன்ன தொகையைக் கேட்டு, "அப்ப வேலூர் ஆஸ்பத்திரிக்கு எவ்ளோ?" என்பார். இரண்டுக்கும் அவருக்கு வேலை இருக்காது. பெண் பார்க்கப் போகிறவர்கள் மஞ்சள் போர்டு இல்லாத வண்டி கேட்பார்கள். ஏழு பேர் போகும் வண்டியில் பதினொரு பேர் ஏறிவிட்டு, "நாலு பேரு குழந்தைங்க சார்" என்பார்கள். அதில் ஒரு குழந்தைக்கு மீசை இருக்கும். இதற்கெல்லாம் விதி பன்னிரண்டு முதல் பதினைந்து வரை இருந்தது. யாரும் படித்ததில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை ஓர் அம்மாள் பெங்களூரிலிருந்து போன் செய்தார். முந்தின நாள் எங்கள் வண்டியில் கல்யாணத்துக்குப் போனவர். பட்டுப்புடவைப் பையை டிக்கியில் வைத்திருக்கிறார். மண்டபத்தில் பிரித்துப் பார்த்தால் பைக்கு அடியில் ஒரு தக்காளி நசுங்கியிருக்கிறது. புடவை முழுக்கக் கொத்தமல்லி வாசனை.

"நான் இன்னா கல்யாணத்துக்குப் போனனா, ரசம் வைக்கப் போனனா?" என்றார். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் சூடேறி, ஆங்கிலத்தில் முடித்தார். மூன்றிலும் எங்கள் கம்பெனியின் தரம் ஒன்றாகவே இருந்தது.

முதலாளி உடனே போனை எடுத்து அந்த வண்டியின் ஜி.பி.எஸ்.ஸைப் பார்த்தார். தினமும் காலை ஐந்தரைக்கு வண்டி ஊரிகத்தில் டிரைவர் வீட்டை விட்டுக் கிளம்புகிறது. நேராக அலுவலகம் வராமல் பேத்தமங்களா பக்கம் போகிறது. அங்கே ஒரு வயல் நடுவில் நாற்பது நிமிஷம் நிற்கிறது. பிறகு மார்க்கெட்டில் ஐந்து நிமிஷம். அப்புறம்தான் இங்கே வருகிறது. இரண்டு மாதமாக இதே பாதை.

"அங்கிள், சிம்பிள் மேட்டர். அந்தாளு நம்ம வண்டில காய்கறி வியாபாரம் பண்றாரு. நாளைல இருந்து வராதீங்கன்னு சொல்லிடுங்க. ஆய்த்து."

"அப்படிச் சொல்ல முடியாதுப்பா. குற்றப்பத்திரம் கொடுக்கணும். விளக்கம் கேக்கணும். விசாரணை நடத்தணும். தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பு தராம ஒருத்தரை அனுப்பக்கூடாது."

"நாலு டிரைவருக்கு எதுக்கு அங்கிள் சும்னே இவ்ளோ பேப்பர்?"

"ஒரு டிரைவரா இருந்தாலும் அதே பேப்பர்தான்."

அந்த டிரைவருக்கு ஐம்பத்திரண்டு வயது. ஒல்லி, பேச்சு குறைவு. குற்றப்பத்திரத்தை இரண்டு பிரதியாக நீட்டினேன். ஒன்று, வழி மாறி ஓட்டியது. இரண்டு, பயணிகள் வண்டியில் சரக்கு ஏற்றியது. வாங்கிப் பார்த்தார்.

"வேலை பூடுமா சார்?"

"விசாரணை முடிஞ்சாத்தான் தெரியும்."

"இந்த வயசுல வேற யாரு சார் என்னை நம்பி ஸ்டியரிங் குடுப்பாங்க? போன வருசம் எட்டு மாசம் வூட்லயே குந்திக்கினு இருந்தன்."

அனுதாபம் தெரிவிக்க விசாரணை அதிகாரிக்கு அதிகாரம் இல்லை. "ரெண்டு பிரதியிலயும் கையெழுத்துப் போடுங்க" என்றேன்.

விசாரணை ஹார்டுவேர் கடையின் பின்பக்கத்தில், பிவிசி குழாய்களுக்கும் பெயின்ட் டப்பாக்களுக்கும் நடுவே நடந்தது. நான் விசாரணை அதிகாரி. முதலாளி நிர்வாகத் தரப்பு. குற்றம் சாட்டப்பட்டவர் ஒரு சிமென்ட் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார்.

"முதல் குற்றச்சாட்டை ஒப்புக்கொள்கிறீர்களா?"

"ஒத்துக்கறன் சார்."

"இரண்டாவதை?"

"அதையும் ஒத்துக்கறன்."

"அரை இன்ச் எல்போ கீதா?" என்றது முன்பக்கத்திலிருந்து ஒரு குரல். நிர்வாகத் தரப்பு எழுந்து போய் எல்போ விற்றுவிட்டுத் திரும்பி வந்தது.

"காரணம் என்ன?" என்று கேட்டேன்.

டிரைவர் என்னைப் பார்த்தார். பிறகு சுவரில் ஒட்டியிருந்த ஒரு பெயின்ட் கம்பெனிக் காலண்டரைப் பார்த்தார். "காரணம்லாம் ஒண்ணும் இல்ல சார். தப்புதான். நீங்களே எழுதிக்கங்க."

"முடிஞ்சுது இல்ல அங்கிள்?" என்றார் முதலாளி.

முடியவில்லை. என் அனுபவத்தில், கேட்டவுடன் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறவன் எதையோ மறைக்கிறான். சும்மா தக்காளி ஏற்றுகிறவன் நாற்பது நிமிஷம் நிற்க மாட்டான். விசாரணையை ஒத்திவைத்து, மறுநாள் காலை நேரடி ஆய்வு என்று உத்தரவிட்டேன். டிரைவர், "வேணாம் சார், எதுக்கு நீங்க அவ்ளோ காலைல..." என்றார். சந்தேகம் உறுதியானது.

மறுநாள் ஐந்தரைக்கு அவர் அதே வண்டியில் என் வீட்டு வாசலுக்கு வந்தார். பேத்தமங்களா ஏரிக்கு முன்னாலேயே ஒரு மண் பாதையில் திரும்பி, தக்காளித் தோட்டம் ஒன்றின் ஓரம் வண்டியை நிறுத்தினார். போர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கை தடிமன் உள்ள குழாயிலிருந்து தண்ணீர் தொட்டியில் கொட்டிக் கால்வாய் வழியாகப் பாத்திக்கு ஓடியது.

டிரைவர் பேன்ட்டை மடித்துக்கொண்டு, பக்கெட்டை எடுத்து, காரைக் கழுவ ஆரம்பித்தார்.

நான் பல பேர் பல வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். அதுதானே என் சம்பளம். அந்த மாதிரி ஒருவர் கார் கழுவி நான் பார்த்ததில்லை. சக்கரத்தின் உள்பக்கம், கதவு இடுக்கு, வைப்பருக்கு அடியில் ஒட்டிய பூச்சி என்று ஒன்றையும் விடவில்லை. ஏழு நிமிஷத்தில் நான் கடிகாரம் பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

தோட்டக்கார அம்மா இரண்டு கூடைகளோடு வந்தார். ஒன்றில் தக்காளி, ஒன்றில் கொத்தமல்லிக் கட்டு. தெலுங்கும் தமிழும் கலந்த பேச்சு.

"ஏமண்ணா, இவரு யாரு? ஆர்.டி.ஓ.வா?"

"இல்லமா. ஆபீஸ் சார்."

"அப்ப நல்லதாப் போச்சு. சார், உங்க ஆபீஸ்ல ஒருத்தன் கீறானாமே, தினம் தண்ணி ஊத்திக் கழுவணும்னு ரூலு போட்டவன்? அவன் வூட்டுக் குழாய்ல தினம் தண்ணி வருதா? கோலார் தங்கவயல்ல குடிக்கவே பத்து நாளைக்கு ஒரு தபா வுடறாங்க. இவரு பாவம் இவ்ளோ தூரம் வர்றாரு. சும்மா எப்படி தண்ணி எடுக்கறதுன்னு என் கூடைய மார்க்கெட்டுல எறக்கி வுடறாரு. அந்த ஆளு மட்டும் என் கையில கெடச்சான்..."

"சொல்றேன்மா, அவர்கிட்ட சொல்றேன்" என்றேன்.

டிரைவர் சக்கரத்துக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டார். அந்தச் சக்கரம் ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

திரும்பும் வழியில் கேட்டேன். "நேத்தே இதைச் சொல்லியிருக்கலாமே?"

"எப்டி சார் சொல்றது? ரூல் போட்டது நீங்க, விசாரிக்கறதும் நீங்க. சொன்னா உங்க மேலயே பழி போட்டா மாரி ஆவும்."

"ஈரத்துணியால தொடச்சிருக்கலாமே?"

"தொடச்சன் சார். கோடு வுழுதுன்னு மெமோ குடுத்தீங்களே."

கொடுத்திருந்தேன். பிரதி கோப்பில் இருக்கிறது.

"மத்த மூணு பேரும் எங்க கழுவறாங்க?"

அவர் முன்னால் போன டிராக்டரை முந்தினார். "அவங்க கையெழுத்து மட்டும் போடுவாங்க சார்."

என் வீட்டில் சம்ப் இருக்கிறது. டேங்கர் வந்து நிரப்பிவிட்டுப் போகும். விதி எழுதிய அன்று தண்ணீர் எங்கிருந்து வரும் என்ற கேள்வி என் மனதில் எழவே இல்லை. இருபத்து மூன்று விதிகளை ஒரே ஒருவர் மதித்து நடந்தார். அவருக்கு நான் குற்றப்பத்திரம் கொடுத்திருந்தேன்.

அன்று மதியம் அறிக்கை எழுதினேன். வழி மாறி ஓட்டியது: ஒன்பதாம் விதியை நிறைவேற்றவே, எனவே குற்றமாகாது. சரக்கு ஏற்றியது: நிரூபணமாயிற்று, எச்சரிக்கை போதும். மூல காரணம், ஒன்பதாம் விதி. அதை எழுதியவர் நிலைமை அறியாமல் எழுதியிருக்கிறார், அவரிடம் விளக்கம் கேட்கலாம். மேலும் விசாரணை அதிகாரியே விவகாரத்தில் சம்பந்தப்பட்டவர் ஆகிவிட்டதால், இறுதி முடிவை முதலாளி எடுக்க வேண்டும்.

முதலாளி அறிக்கையை முழுதாகப் படித்தார். நான் எழுதியதில் அவர் கடைசிவரை படித்த ஒரே காகிதம் அதுதான்.

"அங்கிள், அப்ப உங்களுக்கு மெமோ குடுக்கலாமா?"

"கொடுக்கணும். ஏழு நாள் அவகாசத்தோட."

அவ்வளவு சந்தோஷமாக அவர் கையெழுத்துப் போட்டு நான் பார்த்ததில்லை. பிறகு முகம் மாறியது. "ஆனா அந்தாளு வேணாம் அங்கிள். கஸ்டமர் கம்ப்ளெய்ன்ட் ஆய்டுச்சு. இன்னொரு தபா ஆச்சுன்னா?"

நடைமுறைப்படி என் வேலை முடிந்துவிட்டது. இறுதி முடிவு அவருடையது என்று நானே எழுதிக் கொடுத்திருந்தேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். முன்பதிவுப் புத்தகத்தை எடுத்து அவர் முன்னால் திறந்து வைத்தேன். இரண்டு மாதமாகக் குறிப்புக் கட்டத்தில் நானே எழுதியவை: 'போன தடவை வந்த வண்டியே வேண்டும்.' 'சுத்தமான வண்டி கேட்கிறார்.' 'அதே டிரைவர்.' பக்கத்துக்கு மூன்று நான்கு. எல்லாம் ஒரே வண்டி எண். எழுதும்போது ஏன் என்று நான் யோசித்ததில்லை. கட்டம் நிரம்பினால் எனக்குப் போதும்.

முதலாளி நான்கு பக்கம் புரட்டினார். புத்தகத்தை மூடினார்.

"சரி அங்கிள், இருக்கட்டும். ஆனா டிக்கில தக்காளி கூடாது."

ஒன்பதாம் விதி திருத்தப்பட்டது. இப்போது எல்லா வண்டிகளும் வாரம் இரண்டு முறை அந்தத் தோட்டத்துக்கே போகின்றன. தண்ணீருக்குப் பதிலாக அந்த அம்மாவுக்கு முதலாளி ஹார்டுவேர் கடையிலிருந்து குழாய் சாமான்கள் தருகிறார். முதல் நாள் மற்ற மூன்று டிரைவர்களும் பேன்ட்டை மடித்துக்கொண்டு நின்ற காட்சியைக் காண நானே போயிருந்தேன். தோட்டக்கார அம்மா என்னைப் பார்த்து, "அவன்கிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டார். மெமோ கொடுத்தாகிவிட்டது என்றேன். அது உண்மை. விளக்கம் எழுத இரண்டு முறை அவகாசம் நீட்டிக்கப்பட்டதைச் சொல்லவில்லை.

உத்தரவைப் பெற்றுக்கொள்ள டிரைவர் வந்தபோது இரண்டு பிரதியிலும் கையெழுத்துப் போட்டார். போகும்போது மேஜை மேல் ஒரு கொத்தமல்லிக் கட்டை வைத்தார்.

"இது இன்னா?"

"தோட்டக்காரம்மா குடுத்தாங்க சார்."

விசாரணை அதிகாரி அன்பளிப்பு வாங்கக்கூடாது. ஆனால் புகாரே கொத்தமல்லி பற்றியது என்பதால், இதைச் சான்றுப் பொருளாகக் கருதி என் பொறுப்பில் எடுத்துக்கொண்டேன். வழக்கு முடிந்தபின் சான்றுப் பொருளை முறைப்படி அழித்துவிட வேண்டும். அன்று மதியம் என் மனைவி அதைத் துவையலாக அரைத்து அழித்தாள். சாட்சியாக நான் இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டேன்.