ஆளுக்கு ஒரு தப்பு

என் மகளைக் கராத்தே வகுப்பில் சேர்த்திருக்கிறோம். வாரம் இரண்டு நாள் என் தம்பிதான் அவளை வண்டியில் கொண்டுபோய் விடுகிறான். வாசலோடு திரும்பிவிடுவான். உள்ளே போய் ஒருநாளும் பார்த்ததில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

அப்போது நான் ஏழாவது, அவன் ஐந்தாவது. முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி ஒரு கல்யாண மண்டபம். அதன் மொட்டைமாடியில், தகரக் கூரைக்குக் கீழே, மாலையில் கராத்தே வகுப்பு நடக்கும். கராத்தே கற்றால் பிள்ளைகளுக்குக் கவனம் கூடும், மதிப்பெண் ஏறும் என்று மண்டபச் சுவரில் எழுதியிருந்ததை அப்பா வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் படித்திருக்கிறார். தம்பி கணக்கில் நூற்றுக்குப் பதினொன்று வாங்கி வந்த அன்று அந்தச் சுவர் அவருக்கு மருந்துச்சீட்டாகத் தெரிந்துவிட்டது. "மார்க்கு ஏறினாதான் கராத்தே. இல்லன்னா நிறுத்திடுவேன்" என்ற நிபந்தனையோடு சேர்த்தார். மெயின் ரோட்டைத் தாண்ட வேண்டுமே என்று துணைக்கு என்னையும் அனுப்பினார்கள். முதல் ரேங்க் வாங்குகிற எனக்கு அந்த வைத்தியம் தேவையில்லை என்பது தெருவுக்கே தெரியும். தெரியாதவர்களுக்கு நானே சொல்லிவிடுவேன்.

மாஸ்டரிடம் ஒரு வழக்கம் இருந்தது. உதையும் குத்தும் தொடங்குமுன் எல்லாரும் வரிசையாகச் சப்பணமிட்டு ஐந்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். பிறகு ஒவ்வொருவரும் அன்று பள்ளிக்கூடத்தில் செய்த ஒரு தப்பைச் சொல்ல வேண்டும். திட்டு கிடையாது. எல்லாரும் சொல்லி முடித்ததும் மொத்தக் கூட்டமும் பத்து தண்டால் எடுக்கும், மாஸ்டரும் சேர்ந்து. தப்பை அவரவரே சரிசெய்து பிறகு அவரிடம் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

தம்பிக்கு இது எப்படியோ பிடித்துப்போனது. சாப்பிடும்போதுகூட ஓரிடத்தில் உட்காராதவன் அங்கே அசையாமல் உட்கார்ந்தான். "வகுத்தல்ல மீதிய எழுத மறந்துட்டேன் மாஸ்டர்" என்று ஏதோ பரிசு வாங்கியவன் மாதிரி சொல்வான். எனக்குத்தான் திண்டாட்டம். தப்பே செய்யாதவள் எதைச் சொல்வது? பென்சில் முனையை உடைத்துவிட்டேன், தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டேன் என்று இழுப்பேன். பையன்கள் சிரிப்பார்கள். அவனுடைய தப்புகளை மாஸ்டர் குனிந்து அக்கறையாகக் கேட்பதும், என் ரேங்கை அங்கே யாரும் சீந்தாததும் எனக்கு எரிச்சலாக இருந்தது. பொறாமை என்றே சொல்லிவிடலாம்.

மழைக்காலத்தில் ஒருநாள் காலை, ரப்பர் எடுக்க அவன் பையைத் துழாவியபோது நாலாக மடித்த கணக்குப் பரீட்சைத் தாள் கையில் பட்டது. மேலே சிவப்பு மையில் இருபத்தெட்டு. அப்பாவிடம் காட்டவே இல்லை, பயல்! தாளை மடித்து இருந்த இடத்திலேயே வைத்தேன். அன்று முழுவதும் எனக்குப் பாடத்தில் மனம் ஓடவில்லை.

மாலையில் என் முறை வந்தது. "தம்பி கணக்குல பெயில். பேப்பர ஒளிச்சு வச்சிருக்கான். அத அப்பாகிட்ட சொல்லாம இருந்துட்டேன் மாஸ்டர். அதான் என் தப்பு" என்றேன். தகரத்தில் தூறல் விழுந்துகொண்டிருந்ததால் வழக்கத்தைவிட உரக்கச் சொன்னேன்.

மழை என்று அப்பா எங்களை அழைத்துப்போகச் சீக்கிரமே வந்து படியில் நின்றிருந்தார். அது எனக்குத் தெரியாது என்றுதான் இத்தனை வருடமும் வீட்டில் சொல்லிவருகிறேன். ஆனால் படியோரம் குடையின் நுனி தெரிந்தது. அது எங்கள் வீட்டுக் குடை.

அப்பா மேலே வந்தார். மாஸ்டர் எழுந்துபோய், "பையன் நல்லா வந்துனு இருக்கான் சார், முழுப் பரீட்ச வரைக்கும் விடுங்க" என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். "மார்க்கு வரலியே சார்" என்றார் அப்பா. தம்பி அழவில்லை. இடுப்பு பெல்ட்டை அவிழ்த்து, மாஸ்டர் சொல்லிக்கொடுத்தபடி சுருட்டிக்கொண்டு அப்பாவின் பின்னால் படியிறங்கினான். அப்பாவின் வண்டியில் என்னை முதலில் ஏறச் சொல்லி, எனக்கும் அவனுக்கும் நடுவில் இடம் விட்டு உட்கார்ந்தான். அது இப்போதும் என்னைக் குத்துகிறது.

மறுநாள், அவனுடைய கராத்தே உடையைத் துவைத்துப் பெட்டியில் வைக்கப் போவதாகச் சொல்லி, அதைக் கொண்டுபோகும் பையைக் காலி செய்யச் சொன்னாள் அம்மா. அடியில் அதே தாள் கிடந்தது. மாஸ்டரிடம் காட்ட அதில் மாற்றி வைத்திருப்பான். இந்தமுறை திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் முழுக்க அவனுடைய கோணல் கையெழுத்து. தப்பாகப் போன ஏழு கணக்குகளில் ஐந்தை ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டிருந்தான். ஐந்தும் சரி. ஒவ்வொன்றின் பக்கத்திலும் மாஸ்டரின் பச்சைப் பேனா டிக் இருந்தது. இன்னும் இரண்டுதான் பாக்கி. அதை முடித்துவிட்டு அப்பாவிடம் கொண்டுபோக நினைத்திருக்கிறான்.

கூடத்தில் அப்பா செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். பத்து அடி தூரம்கூட இல்லை. நான் தாளை மறுபடி முன்பக்கம் திருப்பினேன். இருபத்தெட்டு. முப்பத்தைந்து எடுத்தால்தானே பாஸ்? போன தடவை பதினொன்று என்பது எனக்கு நினைவுக்கே வரவில்லை. பரீட்சை முடிந்தபிறகு போடுகிற கணக்குக்கு யார் மார்க் தருவார்கள் என்றுதான் தோன்றியது. பழைய நோட்டுகளோடு அதையும் பரணில் போட்டுவிட்டேன். அடுத்த வருடங்களில் அவன் தத்தித் தத்திப் பத்தாவது வரை போனான். கணக்கில் இரண்டு முறை தோற்றுப் படிப்பை விட்டான்.

தாளைப் பரணில் போட்ட அன்று மாலை நான் மட்டும் வகுப்புக்குப் போனேன். துணைக்கு வந்தவள் என்பதை அப்பாவும் மறந்துவிட்டார், நானும் மறந்துவிட்டேன். வரிசையில் என் பக்கத்தில் அவன் உட்காரும் இடத்தை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. கண்ணைத் திறந்ததும் மாஸ்டர் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு என்னிடம் வந்தார். அந்தக் காலி இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இன்னிக்கு எனக்குத் தப்பு எதுவும் இல்ல மாஸ்டர்" என்றேன். மனதார நம்பித்தான் சொன்னேன்.