இடது பக்கத்துக் குழாய்

சங்கரலிங்கத்தின் யெஸ்டி பைக் என்றால் நெய்வேலியில் அந்த பிளாக் முழுக்கத் தெரியும். பேர் வாங்கியது அவன். கை தேய்ந்தது அவன் பெண்டாட்டி பொன்னம்மாளுக்கு. கோவில்பட்டிப் பக்கத்தில் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவள், கழுத்தில் தாலி ஏறியதும் குவார்ட்டர்ஸுக்கு வந்து சேர்ந்தாள். சுரங்கத்தில் அவனுக்கு வேலை பர்மனென்ட் ஆன வருஷம் வண்டியும் வந்தது. அதற்கு இரண்டு பக்கமும் சைலன்சர் குழாய். மின்நிலையத்துச் சாம்பல் காற்றோடு வந்து இறங்குகிற ஊரில் அதைப் பளபளவென்று வைத்திருப்பது சும்மாவா? ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் அதற்கென்று உட்கார வேண்டும்.

முறை அவளே கண்டுபிடித்தது. குழம்புக்குக் கரைத்த புளிச்சக்கையைக் கறையின் மேல் அப்பி ஊறவிடுவாள். பிறகு அடுப்புச் சாம்பலைப் பழைய வேட்டித் துணியில் சலித்து, மாவாக இறங்கியதை மட்டும் ஈரத்துணியில் தொட்டுத் தேய்ப்பாள். சாம்பலில் ஒரு குருணை கிடந்தாலும் முலாமில் கீறல் விழுந்துவிடும். ஒருமுறை அப்படி விழுந்ததற்குக் கன்னத்தில் வாங்கியிருக்கிறாள். அப்புறம் எலுமிச்சைத் தோல், பல்பொடி, கடைசியில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய். விரலிடுக்கெல்லாம் எரியும், அன்றைக்குச் சோறு பிசைய முடியாது. அந்த மகராசன் குனிந்துகூடப் பார்க்கமாட்டான். ரோட்டில் நாலு பேர் பார்த்தால் அவனுக்குப் போதும்.

இந்தச் சனியன் பிடித்த வேலையை அவள் ஏன் செய்தாள்? ஆசைதான், வேறென்ன! ஒரு தடவையாவது அந்த வண்டியில் பின்னால் உட்கார்ந்து, பங்குனி உத்திரத்துக்கு வேலுடையான்பட்டு முருகன் கோயிலுக்குப் போக வேண்டும். பிளாக் முழுக்கப் பார்க்க வேண்டும். வாய்விட்டுக் கேட்டும் பார்த்தாள்.

“என்னங்க, இந்த உத்திரத்துக்காவது வண்டியில கூட்டிட்டுப் போங்களேன்.”

“கூறு இருக்கா உனக்கு? சேலை சைலன்சர்ல பட்டா பொசுங்கிப் போகும். பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு பஸ்ல வா.”

வருஷா வருஷம் இதே பதில்தான். அவளும் நம்பினாள். சூட்டுக் குழாயின் சங்கதி அவளுக்குத் தெரியாதா, முழங்கையில் தழும்பே இருக்கிறதே! தன் நல்லதுக்குத்தான் சொல்கிறான் என்று பக்கத்துக் குவார்ட்டர்ஸ் விருத்தாம்பாளிடம் பெருமையடித்துக்கொண்டதும் உண்டு.

எழுபத்தொன்பதில், உத்திரத்துக்கு முந்தின ஞாயிறு. சேத்தியாத்தோப்பில் சிநேகிதன் வீட்டு விசேஷம் என்று முதல் நாள் போனவன் விடிந்துதான் வந்தான். வந்ததும் படுத்துவிட்டான். பொன்னம்மாள் புளிச்சக்கையோடு உட்கார்ந்தாள். இடது பக்கக் குழாயில் பச்சையாக ஏதோ அப்பியிருந்தது. புளிக்கு அசையவில்லை, சாம்பலுக்கும் அசையவில்லை. நகத்தால் நெம்பினாள். ஓரத்தில் உருகாத துணுக்கு ஒன்று கையோடு வந்தது. சூடு பட்டால் உருகி ஒட்டுகிற நைலெக்ஸ் சேலை. கிளிப்பச்சை. கரையில் சின்னச் சின்னப் பூ.

பைக்கில் பொம்பளைகள் இடது பக்கம்தான் காலைத் தொங்கப்போட்டு உட்காருவார்கள். அவளிடம் நைலெக்ஸ் என்று ஒரு சேலை கிடையாது, எல்லாமே சுங்குடி. தேய்த்த இடத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்தாள்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து விருத்தாம்பாள் எட்டிப் பார்த்தாள். “இன்னாக்கா, எம்மா நேரமா ஒரே எடத்தத் தேச்சிகினு இருக்கிற?”

“தாரு ஒட்டியிருக்கு.”

விருத்தாம்பாள் உள்ளே வந்து குனிந்து பார்த்தாள். தார் பச்சையாக இருக்குமா என்று கேட்கவில்லை, நல்லவள். “இது சும்மா தேச்சா போவாதுக்கா. வண்டிய சூடேத்தி, எளகும்போது தொடைச்சி எடுக்கணும்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

பொன்னம்மாள் வண்டியைச் சூடேற்றவில்லை. இரண்டு குழாயையும் முகம் தெரிகிற அளவுக்குத் தேய்த்தாள். அந்தப் பச்சையை மட்டும் தொடவில்லை. சாயங்காலம் எழுந்து வந்த சங்கரலிங்கத்தின் கண்ணில் முதலில் அதுதான் பட்டது.

“இது ஏன் போகல?”

“அது என் சேலை இல்லைங்க. யாரு சேலையோ அவங்களே தேய்க்கட்டும்.”

அடிப்பான் என்று நின்றாள். அடிக்கவில்லை. வாய்க்கு வந்த ஒரு பொய்யைச் சொல்லியிருந்தால்கூட நம்பியிருப்பாள். நம்பத் தயாராகத்தான் நின்றாள். அவன் பொய்யும் சொல்லவில்லை. வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். ஒரு பொய் சொல்கிற மரியாதைக்குக்கூட லாயக்கில்லாமல் போய்விட்டோமே என்று அன்றைக்கு அழுதாள்.

உத்திரத்தன்று பெண் பிள்ளைகள் இரண்டையும் இழுத்துக்கொண்டு பஸ்ஸில்தான் கோயிலுக்குப் போனாள். கும்பிட்டுவிட்டுத் திரும்பியபோது வண்டி வாசலில் நின்றது. அவன் உள்ளே குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். இடது குழாயைப் பார்த்தாள். பச்சையைக் காணோம், வெயிலில் கண்ணைப் பறித்தது குழாய். மெக்கானிக் யாரிடமாவது கொடுத்திருப்பான் என்று நினைத்தாள். மனசு கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

குழாயைப் பிடித்திருக்கும் பட்டையின் இடுக்கில் ஒரு புளி நார் சிக்கியிருந்தது. போல்ட்டைச் சுற்றிப் பல்பொடி வெள்ளையாகக் காய்ந்திருந்தது. பொன்னம்மாள் தேய்த்தால் இப்படி மிச்சம் வைக்கமாட்டாள், அவள் முறையை அவன்தான் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சேத்தியாத்தோப்பில் ஒருத்தி, கிளிப்பச்சைச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இதே போலக் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறாள். இத்தனை நாளும் பொன்னம்மாள் அவளுக்குக் கொடுத்த சாபம் கொஞ்சமா?

விரலால் தடவினாள். பச்சை இருந்த இடத்தில் சரசரவென்று தட்டுப்பட்டது. முலாம் முழுக்கக் கீறல். அதை அவன் பார்த்திருப்பான். பார்த்துவிட்டு என்ன செய்திருப்பான் என்று பொன்னம்மாளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கை தானாகத் தன் கன்னத்துக்குப் போயிற்று.

“அடி பாவி மகளே” என்றாள், “சாம்பலைச் சலிச்சுட்டுத் தேய்க்கக் கூடாதா?”