செவலைக்குப் போன சுவிஸ் சைக்கிள்

பெற்றோல் இல்லாத காலை

பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்ற காலம். எங்கள் கால்நடை வைத்திய அலுவலகத்து மோட்டார் சைக்கிளும் ஒரு நாள் காலை மூச்சை நிறுத்திக்கொண்டது. அதே நேரம் பார்த்து என் கைபேசி அடித்தது. கரம்பொன்னிலிருந்து தங்கேஸ்வரி அக்கா.

"பிள்ளை, செவலை விடியத் தொடக்கம் கத்துது. இண்டைக்கு வருவீரோ?"

"ஓம் அக்கா, பின்னேரம் வாறன்" என்றேன். எதில் வருவேன் என்று எனக்கே தெரியாது.

பசுக்களுக்குச் செயற்கைமுறையில் சினைப்படுத்துவது என் வேலை. ஊரில் அதை மாட்டு ஊசி என்பார்கள். நல்ல இனக் காளையின் விந்தை மெல்லிய குழாய்களில் அடைத்து உறையவைத்திருப்பார்கள். ஸ்ரோ என்று சொல்வோம். திரவ நைதரசன் நிரம்பிய குடுவைக்குள் இருக்கும்வரைதான் அதற்கு உயிர். குடுவை வெளிப்பார்வைக்குப் பால் கான் மாதிரித் தடித்திருந்தாலும் சரியான தொட்டாற்சிணுங்கி. பலமாக அடிபட்டால் உட்கழுத்து வெடித்துவிடும், குளிர் நில்லாது. மாடோ யாருக்கும் தவணை தராது. பருவத்துக்கு வந்து கத்திய நாளைத் தவறவிட்டால் மூன்று கிழமை காத்திருக்க வேண்டும்.

அக்காவின் பசு செவலை ஏற்கெனவே இரண்டு முறை சினை தங்காமல் போனவள். கணவர் இறந்த பிறகு தங்கேஸ்வரி அக்காவுக்கு அவள் பால்தான் சீவியம். அந்தப் பாலும் வற்றிக்கொண்டு வந்தது. யாழ்ப்பாணத்தில் இருந்த அவரின் தங்கச்சி, மாட்டை விற்றுவிட்டு எங்களோடு வந்து இரு என்று கிழமைக்கு ஒரு தடவை அழைத்துக்கொண்டிருந்தார். "செவலை போனால் எனக்கு இந்த வளவில என்ன வேலை? நானும் வெளிக்கிட வேண்டியதுதான்" என்று அக்கா என்னிடம் சொல்லியிருந்தார். அவர் அழாமல் சொன்னதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

வேலணையில் என் வீட்டு அறையில் ஒரு சைக்கிள் இருந்தது. சுவிஸில் இருக்கும் தம்பி ஜெயனுடையது. மலையில் ஓடுகிற சைக்கிள். முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் குலுக்கத்தை வாங்கிக்கொள்ளத் தனித்தனிச் சொக். நாலைந்து பேர் வேலை செய்யும் சின்னப் பட்டறை ஒன்றில், ஓடுபவரின் கை கால் அளந்து, சொல்லிச் செய்வித்தது. ஊர்காவற்துறைக் கடலைப் படம் எடுத்து அனுப்பி, அதே நிறத்தில் பெயின்ற் அடிப்பித்தானாம். ஒரு விடுமுறைக்குக் கொண்டுவந்து ஓடிவிட்டு, "அக்கா, இது இனி உங்கட" என்று வைத்துவிட்டுப் போனான். மலையே இல்லாத தீவில் அதை என்ன செய்வது? தூசி படாமல் ஒரு பழைய சேலையால் மூடிவைத்திருந்தேன்.

யோகண்ணையின் கரியர்

சைக்கிள் கடை யோகண்ணை அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"எல்லாம் சரி மிஸ். கரியர் இல்லாத சைக்கிள் என்ன சைக்கிள்?"

"அதுக்குத்தானே வந்தனான். குடுவை வைக்கவேணும்."

அரை மணித்தியாலத்தில் இரும்புக் கரியர் ஒன்றை எடுத்து, அதன் ஒரு காலைப் பின்சில்லுப் பக்கமும் மறுகாலைச் சீற்றின் கீழும் முறுக்கிவிட்டார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. தம்பிக்கு வீடியோவில் காட்டினேன். சுவிஸில் அப்போதுதான் விடிந்திருந்தது. படுக்கையிலிருந்து துள்ளி எழும்பிவிட்டான்.

"ஐயோ அக்கா, கழட்டுங்கோ! முன்பாதியும் பின்பாதியும் வேற வேறயா ஆடவேணும். நீங்கள் ரெண்டையும் சேர்த்துக் கட்டிப்போட்டியள்!"

யோகண்ணைக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் விளக்கத்தைக் கேட்டு, சீற்றுத் தண்டை மட்டும் பிடித்து நிற்கிற மாதிரி வேறொன்று செய்தார். பின்சில்லு அதற்குக் கீழே தன்பாட்டில் ஏறி இறங்கும். குடுவைக்குப் பழைய ரியூப்பால் ஒரு ஊஞ்சல் கட்டினார். அடுத்தது சொக்குக்குக் காற்று. ஆளின் நிறைக்கு ஏற்றபடி அடிக்க வேண்டுமாம்.

"உங்கட நிறை எவ்வளவு அக்கா?"

பக்கத்துக் கடையில் மாட்டுத்தீவன மூட்டை நிறுக்கும் தராசில், குடுவையையும் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏறி நின்றேன். கடைக்காரர் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார். வந்த எண்ணைத் தம்பியிடம் சொன்னேன். இங்கே எழுதமாட்டேன்.

தரவையில்

அந்தப் பின்னேரத்தை எப்படிச் சொல்வேன்? நான் இருபது வருடமாகக் குலுங்கிக் குலுங்கிப் போன பாதை அது. ஒவ்வொரு குழியும் என் முதுகெலும்புக்குத் தெரியும். அன்று குழிகள் கண்ணுக்கு மட்டும் தெரிந்தன, உடம்புக்கு வந்து சேரவில்லை. மாடு மேயும் தரவை வெளியில் இறங்கியதும் சோளகக் காற்று முதுகைத் தள்ளியது. கீழே கல்லும் புல்லும் வறண்ட சேறும் ஓடிக்கொண்டிருக்க, நான் அவற்றுக்கு ஒரு சாண் மேலே போய்க்கொண்டிருந்தேன். பனைகளும் கடலும் வெயிலும் ஒரே தண்ணீரில் கரைந்தது போல இருந்தது. ஐம்பது தாண்டிய மனுசி, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு போனேன்.

எங்கள் ஊரில் மாட்டு ஊசி மிஸ்ஸை யாரும் வெறுங்கையோடு விடமாட்டார்கள். வழியில் இரண்டு வீட்டில் வேலை இருந்தது. ஒரு வீட்டில் நாலு தேங்காய், அடுத்த வீட்டில் ஒரு முழுப் பூசணிக்காய். வேண்டாமென்றால் மனம் நோவார்கள். எல்லாவற்றையும் கரியரில் கட்டிக்கொண்டேன். அதன்பிறகு பின்னால் டக், டக் என்று ஒரு சத்தம். தேங்காய்கள் ஒன்றோடொன்று முட்டுகின்றன என்று நினைத்தேன்.

அக்காவின் வீடும் வளவும் கரம்பொன்னில் ஒழுங்கை முடிகிற இடத்தில், கடைசியாக இருக்கிறது. வேலிப் படலையைத் திறந்து குடுவையை இறக்கினால், வெளிப்புறமெல்லாம் வியர்த்துப் பனி படிந்திருந்தது. மூடியைத் தூக்கினேன். புகை வர வேண்டும். வரவில்லை.

"என்ன பிள்ளை?"

"அக்கா, இண்டைக்கு ஏலாது. எல்லாம் செத்துப்போச்சு."

செவலை கயிற்றை இழுத்துக் கத்திக்கொண்டே நின்றது. அக்கா குசினிக்குப் போய் எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார். குடித்துவிட்டுச் செத்த குடுவையைத் திரும்பக் கரியரில் கட்டினேன்.

மறுநாள் யோகண்ணை சைக்கிளைக் கவிழ்த்துப் பார்த்தார். கரியரின் அடியில் ரயர் தேய்ந்த கறுப்புத் தடம். காற்று என் நிறைக்கும் குடுவைக்கும் கணக்காக அடித்தது. தேங்காயும் பூசணிக்காயும் ஏறியதும் சொக் அடிமட்டும் அமுங்கி, ஒவ்வொரு குழியிலும் சில்லு மேலே வந்து கரியரோடு குடுவையைக் குத்தியிருக்கிறது. எனக்குக் கேட்ட சத்தம் அதுதான்.

எங்கள் அலுவலகத்து டொக்டர் திட்டவில்லை. அலுமாரிக்குப் பக்கத்தில் இருந்த கடைசிக் குடுவையைத் தூக்கித் தந்தார். "இதுவும் போனால் தீவுப் பக்கம் ஊசி வேலையே நிண்டுபோகும் மிஸ். கவனமாக் கொண்டு போங்கோ."

படலைக்குப் படலை காற்று

யோகண்ணை கரியரை ஒரு சாண் உயர்த்தினார். மற்றதை நான் பார்த்துக்கொண்டேன். சொக்குக்குக் காற்றடிக்க ஒரு சின்னப் பம் சைக்கிளோடு வந்திருந்தது, அதைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். யாராவது ஏதாவது தந்தால் வாங்கிக் கட்டிவிட்டு, அந்த வீட்டுப் படலையிலேயே குந்தியிருந்து காற்றடிப்பேன். முருங்கைக்காய்க் கட்டுக்குக் கொஞ்சம், பனங்காய்க்கு நிறைய. "தேங்காய் குடுத்தால் மிஸ்ஸின்ர சைக்கிளுக்குக் காத்துப் போகுதாம்" என்று ஊரில் ஒரு கதை பரவி, இரண்டு வீட்டில் தேங்காய் தருவது நின்றது.

மூன்று கிழமை கழித்து அக்காவின் அழைப்பு மறுபடி வந்தது. "பிள்ளை, இதுதான் கடைசி. தங்கச்சி ஒரு மாட்டு வியாபாரியோட கதைச்சுப்போட்டாள்."

அன்றும் தரவை அப்படித்தான் மிதந்தது. ஆனால் காது முழுக்கப் பின்னாலேயே இருந்தது. சத்தமில்லை. காற்றும் செயினும் மட்டும். அக்காவின் வளவில் மூடியைத் தூக்கியபோது வெண்புகை பொங்கி, குடுவையின் விளிம்பால் வழிந்து, என் கால்களைச் சுற்றி மண்ணில் பரவியது. அக்கா கையெடுத்துக் கும்பிட்டார். நான் ஸ்ரோவை இளகவைக்க இளஞ்சூட்டு நீரில் போட்டேன்.

கடைசி வளவு

செவலை பிறகு கத்தவில்லை. அது மட்டும் போதாது, சில மாடுகள் கத்தாமலே ஏமாற்றும். மூன்று மாதம் கழித்து, உள்ளே கையை விட்டுச் சினை பார்க்கப் போனேன். ஒழுங்கை முடிவில் ஒரு லொறி நின்றது. மாட்டு வியாபாரி கயிறோடு வேலிப் பக்கம் நின்றார்.

"தங்கச்சி அனுப்பினவள்" என்றார் அக்கா. "நீர் பாத்துச் சொல்லும் பிள்ளை. இல்லையெண்டால் இவர் ஏத்திக்கொண்டு போகட்டும். எனக்கும் உடுப்பெல்லாம் கட்டி வைச்சிருக்கு."

தோள்வரை கையுறை போட்டுக்கொண்டு கையை விட்டேன். இந்த வேலையில் கண்ணுக்கு வேலையில்லை, மூடிக்கொள்வேன். உள்ளே வெதுவெதுவென்று இருட்டு. குடற்சுவருக்குக் கீழே தண்ணீர் நிரம்பிய மெல்லிய பை ஒன்று தட்டுப்பட்டது. விரலால் மெதுவாக ஒரு தட்டுத் தட்டினேன். ஏதோ ஒன்று விலகிப் போனது. பொறுத்திருந்தேன். அது மிதந்து திரும்பி வந்து என் விரலில் முட்டியது.

"அக்கா, வயித்தில கண்டுக்குட்டி நிக்குது."

அக்கா செவலையின் முதுகில் ஒரு கையை வைத்துக்கொண்டு வியாபாரியைப் பார்த்தார். "தம்பி, நீர் வெறும் லொறியோட போம். தங்கச்சி கேட்டால், அக்கா வரமாட்டாளாம் எண்டு சொல்லும்." பிறகுதான் அழுதார். பார்க்க வேண்டியதைப் பார்த்து முடித்திருந்தேன். ஆனாலும் எனக்குக் கையை உடனே எடுக்க மனம் வரவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். முதல் வீட்டில் மூடியைத் திறக்கும்போது வரும் புகை கடைசி வீட்டிலும் வர வேண்டும். ஒரேயொரு மாடு வைத்திருப்பவர்கள் அநேகமாக அங்கேதான் இருக்கிறார்கள்.