ஏரிக்கரைக் கிடா

ஒரு வாரமாகிறது. இன்னும் எனக்குப் படபடப்பு அடங்கவில்லை. இரண்டு நாள் எங்காவது போய்வரலாம் என்று நச்சரித்தது நான்தான். அதனால் வேறு யாரையும் திட்டவும் முடியவில்லை.

சேலத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் அந்த ஊருக்குப் போய்விடலாம். ராஜா காலத்து ஏரி, கல் மதகு, அதன்மேல் யாருக்கும் படிக்க வராத கல்வெட்டு. இந்த வருஷம் ஏரி நிரம்பி வழிகிறதென்று யாரோ அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டு, அரைப் பரீட்சை விடுமுறையில் ஆறு வயது மகளையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். என் வீட்டுக்காரருக்குக் கல்வெட்டைக் கண்டால் சோறு தண்ணி வேண்டாம். இறங்கியதும் மதகோடு ஒட்டிக்கொண்டார். நானும் மகளும் கரைமேல் நடந்தோம்.

கரையிலிருந்த அம்மன் கோயில் முன்னால் கூட்டம். நடுவில் மாலை போட்ட கருப்புக் கிடா. ஏரி நிரம்பினால் வெட்டுவதாக வேண்டுதல். நான் திருச்செங்கோட்டுப் பக்கம் பிறந்தவள், பார்த்ததுமே புரிந்துவிட்டது. கிடாவின் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலிர்த்து உதறினால்தான் அம்மன் உத்தரவு கொடுத்ததாக அர்த்தம். உதறாமல் வெட்டமாட்டார்கள். பூசாரி சொம்பு சொம்பாக ஊற்றுகிறார், அந்தக் கிடாவோ அசையாமல் நிற்கிறது.

அந்த நிமிஷமே மகளைத் தூக்கிக்கொண்டு திரும்பியிருக்க வேண்டும். வேடிக்கை பார்க்கும் புத்தி எங்கே விட்டது!

“என்னம்மா பண்றாங்க?” என்றாள்.

“குளிப்பாட்டறாங்க கண்ணு. அழுக்கா இருக்குதல்ல, அதான்.”

என்ன வாய் இது! உள்ளதைச் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. எப்படியும் உதறாது, விட்டுவிடுவார்கள், நாமும் போய்விடலாம் என்று நினைத்தேன். உதறாதே, உதறாதே என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

கிடாவை வளர்த்த பெண் என் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். “ஆத்தாளுக்கு என்ன கொறைன்னு தெரியலீங்களே, ஒரு மணி நேரமா இப்படியே நிக்குது” என்று கண்ணைத் துடைத்தாள்.

“அடுத்த வருசம் பாத்துக்கலாம்னு உட்டுருங்களேன்” என்றேன். அந்தப் பேச்சில் மகளின் கை நழுவியது எனக்குத் தெரியவில்லை.

திரும்பிப் பார்த்தால், யாரும் கிடாவைத் தொடாமல் விலகி நின்ற வட்டத்துக்குள் என் மகள் தனியாக நிற்கிறாள். கிடாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, பாவாடை நுனியால் அதன் முகத்தைத் துடைக்கிறாள். குளிக்கும்போது அவள் காதில் தண்ணீர் போனால் நான் ஊதிவிடுவது வழக்கம். அதேபோல் அதன் காதில் வாயை வைத்து உஃப்பென்று ஊதினாள்.

கிடா தலையிலிருந்து வால்வரை உதறியது.

ஐயோ! குலவைச் சத்தத்தில் என் கத்தல் யாருக்கும் கேட்கவில்லை. “கொழந்த ரூபத்துல ஆத்தாளே வந்துட்டாளப்பா!” என்று ஒருவர் அவளைத் தூக்கி என் கையில் கொடுத்தார். அவள் முகத்தை என் தோளில் அழுத்துவதற்குள் அருவாள் இறங்கிவிட்டது. பார்த்துவிட்டாள். என் கழுத்தில் அவள் நகம் பதிந்தது.

பூசாரி அவள் நெற்றி நிறையத் திருநீறு பூசினார். வளர்த்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “தொடைக்கறி உங்களுக்குத்தானுங்க. இருந்து சாப்பிட்டுட்டுத்தான் போகோணும்” என்றாள். என் வீட்டுக்காரர் ஓடிவந்து என்ன ஆச்சு என்று கேட்டார். அடிப்பாவி, கொன்றது நான்தானே!

மகள் அழவில்லை. ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நீ பொய் சொன்னாய் என்று என்னை நாலு அடி அடித்திருந்தால்கூடத் தேவலை.

சாயங்காலம் லாட்ஜில் குளிக்கவைத்தேன். தலைமுடியெல்லாம் மஞ்சள் தண்ணீர் காய்ந்திருந்தது. மார்கழிக் குளிருக்கு வெந்நீரும் சரியாக வரவில்லை. மற்ற நாளென்றால் முதல் குவளைக்கே துள்ளிக் குதித்து, தலையை ஆட்டி என் புடவையை நனைத்துவிடுவாள். அன்று இரண்டு கையையும் இறுக்கி மூடிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, ஆடாமல் நின்றாள். உதடு நீலம் பாரித்திருந்தது.

“குளிருதா சாமி?”

“இல்லம்மா” என்றாள். “நான் ஒதறவே மாட்டேன்.”