சூடானால் நிற்கும் காரும் பழவேற்காட்டு ஐஸும்

பூநாரை பார்க்க வேண்டும் என்று என் மனைவி மாலதி கேட்டாள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு எட்டு மாதமாக ஆஸ்பத்திரியைத் தவிர எங்கும் வராதவள், தானாக வாய்திறந்து கேட்ட முதல் விஷயம் அது. அதனால்தான், சூடானால் நின்றுவிடும் எங்கள் பழைய பெட்ரோல் காரை நம்பி, ஜனவரியில் ஒரு சனிக்கிழமை காலை ஐந்தரைக்குச் சென்னை கொளத்தூரிலிருந்து பழவேற்காடு ஏரிக்குக் கிளம்பினேன். புத்திசாலித்தனம் என்று சொல்ல மாட்டேன்.

பொன்னேரி வரை சமர்த்தாக ஓடியது. அதைத் தாண்டியதும் ஒரு முறை நின்றது. இருபது நிமிடம் ஆறவிட்டால், ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும். சென்னையில் மூன்று மெக்கானிக்குகளிடம் காட்டியாயிற்று. "விட்டுட்டுப் போங்க" என்பார்கள். ஆறிய வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு "நல்லாத்தானே இருக்கு" என்பார்கள். ஒருவர் பெட்ரோல் பம்பையே மாற்றினார். எனக்கு அலுத்துவிட்டது.

பழவேற்காடு மீன் மார்க்கெட் அருகே மறுபடி நின்றது. மணி எட்டு. "வீட்டுக்கே போயிடலாம்ங்க" என்றாள் மாலதி, கண்ணைத் திறக்காமலே. கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. இப்படியே திரும்பினால் இனி எங்கேயும் கிளம்ப மாட்டாள் என்று எனக்குப் பயமாக இருந்தது.

டீக்கடைக்காரர், படகு இன்ஜின் பழுது பார்க்கும் பாய் ஒருவரைக் கூப்பிட்டுவிட்டார். "இது கார் பாய்" என்றேன் தயக்கமாக.

"இன்ஜின்தான சார்? ஆறவுடாத. சூடா இருக்கசொல்லத்தான் எது செத்துச்சின்னு தெரியும்" என்று பானெட்டைத் திறந்தவர், மார்க்கெட்டுக்குள் போய் ஒரு பிளாஸ்டிக் கவர் நிறைய உடைத்த ஐஸோடு வந்தார். இறால் வாடை தூக்கியது.

"என்ன பாய் இது?" என்றேன்.

"நடுத் தண்ணில நின்னா ஆறட்டும்னு குந்தினு இருக்க முடியுமா? மீன் பொட்டில ஐஸ் கீது. ஒவ்வொண்ணா குளிர வெச்சிப் பாப்போம்."

முதலில், பெட்ரோலுக்குத் தீப்பொறி கொடுக்கும் இக்னிஷன் காயில் மேல் ஐஸ் கவரை வைத்தார். கிளம்பவில்லை. அடுத்து, கியர் பாக்ஸ் ஓரமாக இருக்கும் கிராங்க் சென்சார் மேல் வைத்தார். இன்ஜின் சுற்றுவதைக் கணக்கெடுத்துச் சொல்லும் சின்னப் பொருள் அது. மூன்று நிமிடத்தில் வண்டி உறுமியது. நான் துள்ளாத குறை. பாய் அசரவில்லை. மறுபடி சூடாகி நிற்கும்வரை ஓடவிட்டார், அதே இடத்தில் மறுபடி ஐஸ் வைத்தார், மறுபடி கிளம்பியது.

"ஒரு தபா ஆனா எதேச்சியா இருக்கும் சார். இப்ப சொல்றேன், இதான். பொன்னேரில கெடைக்கும். வழில நின்னா ஐஸ் வையி, போயினே இரு."

இதே தொல்லை உள்ளவர்களுக்கு: ஐஸைக் கவரில் கட்டி, அந்தப் பாகத்தின்மேல் மட்டும் வையுங்கள். சுடுகிற இன்ஜினில் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள், விரிசல் விடும். பாய்க்கு இருநூறு, ஐஸ் நாற்பது, சென்சார் ஆயிரத்து முந்நூற்றைம்பது, மாட்டக் கூலி முந்நூறு.

பொன்னேரிக்குப் பதினெட்டு கிலோமீட்டர். வழியில் இரண்டு முறை நின்றது. இரண்டாவது முறை, நான் சீட் பெல்ட்டைக் கழற்றுவதற்குள் மாலதி ஐஸ் கவரோடு இறங்கிவிட்டாள். "நீங்க பானெட்டை மட்டும் திறங்க. இடம் எனக்குத் தெரியும்."

புது சென்சார் மாட்டி முடிக்கும்போது பதினொன்றே முக்கால். அசதியில் எனக்குக் கண் எரிந்தது. சென்னைப் பக்கம் வண்டியைத் திருப்பினேன்.

"ஏங்க, எங்க போறீங்க?" என்றாள் மாலதி. "பறவை அந்தப் பக்கம் இல்ல இருக்கு?"