சாட்சி போதும் என்றார்கள்

பல்கலைக்கழகத்தில் கிறிஸ்தவ இறையியல் படிப்பவர்கள் கடைசிப் பருவத்தில் ஏதாவதொரு சபையில் ஒரு முழுப் பிரசங்கம் செய்ய வேண்டும். அந்தச் சபையின் போதகர் கேட்டு எழுதிக் கொடுத்தால்தான் பட்டம். என்னோடு படித்த ஆண்களுக்கு இது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. நான் கேட்ட சபைகளெல்லாம் கைவிரித்தன. கடைசியில் ராசிபுரம் பக்கம் ஒரு சபை சம்மதித்தது, அதுவும் என் மாமியாருக்கு அங்கே உறவுகள் இருந்ததால்.

வேதாகமத்தில், வீட்டைவிட்டு விரட்டப்பட்டு, பாலைவனத்தில் பிள்ளையைப் புதரடியில் கிடத்திவிட்டு அழுத தாயைப் பற்றி எழுதினேன். சத்தமிட்டு அழுதவள் அவள். கடவுள் கேட்டதோ பிள்ளையின் குரலை என்கிறது வேதம். அவள் குரல் என்ன ஆயிற்று? இதுதான் என் கேள்வி. சூரமங்கலம் ரயில்வே குவார்ட்டர்ஸில், மகளைத் தூளியில் ஆட்டியபடி, எபிரெய அகராதியைப் புரட்டி எழுதியது. இப்படியெல்லாம் கேட்கலாமா என்று பயந்து கிழித்துப் போட்டு, மறுபடி எழுதினேன்.

அன்று காலை போதகர் பீடத்துக்குக் கீழே பாடகர் குழுவின் மைக்கைக் காட்டினார்.

"மேல வேண்டாங்க. இங்க நின்னே சொல்லுங்க. ஊரு ஒரு மாதிரிங்க."

முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அங்கேயே நின்று பேசினேன். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் தூங்கினார். சில பெண்கள் மட்டும் நிமிர்ந்து பார்த்தார்கள். முடித்ததும் போதகர் மைக்கை வாங்கிக்கொண்டார்.

"சகோதரி படிச்சவங்க, படிப்பாவே பேசிட்டாங்க. சொல்ல வேண்டியதச் சொல்ல வெக்கப்படறாங்க. நாஞ் சொல்றேன், கேளுங்க."

மாமியார் அவரிடம் எல்லாம் சொல்லியிருந்தார். என் மகள் ஏழாம் மாதத்தில் பிறந்தது, அஸ்தம்பட்டி மருத்துவமனையில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது, டாக்டர் கைவிட்டது, ஜெபத்தால் பிழைத்தது. டாக்டர் கைவிடவே இல்லை. ஆனால் சபை அழுதது. தூங்கிய பெரியவரும் கண்ணைத் துடைத்தார். மகளை உயரத் தூக்கிக் காட்டச் சொன்னார்கள். மாமியார் காட்டினார்.

ஆராதனை முடிந்து, பிரசங்கம் என்று எழுதித் தரும்படி போதகரைக் கேட்டேன்.

"அது பிரசங்கம் ஆவாதுங்களே. நம்ம சபைல பொம்பளைங்க, கர்த்தர் தங்களுக்குச் செஞ்சதச் சாட்சியாத்தான் சொல்லுவாங்க. அடுத்த மாசம் வந்து கொழந்த சாட்சிய உங்க வாயாலயே சொல்லுங்க. காலேஜுக்குப் பிரசங்கம்னே எழுதித் தர்றனுங்க."

"யோசிச்சுச் சொல்றனுங்க."

பஸ்ஸில் மாமியார் ஆரம்பித்தார். "இதுல யோசிக்க என்ன சாமி இருக்குது? கர்த்தர் குடுத்ததச் சொல்றதுக்கு எபிரெயம் வேணுமாக்கும்?"

எனக்கு மருத்துவமனை நாட்கள்தான் நினைவுக்கு வந்தன. மகளுக்குப் பக்கத்துக் கண்ணாடிப் பெட்டியில் ஓர் ஆண் குழந்தை இருந்தது. அவன் அம்மாவும் நானும் சேர்ந்துதான் பால் பீய்ச்சிக் கொண்டுபோய்க் கொடுப்போம். அவளும் விசுவாசிதான். என்னைவிட நன்றாக ஜெபிப்பாள். ஒருநாள் போனபோது அந்தப் பெட்டி காலியாக இருந்தது. என் பிள்ளையின் குரலைக் கடவுள் கேட்டார் என்று மைக்கில் சொன்னால், அவள் பிள்ளையைப் பற்றி என்ன சொல்வது?

வரவில்லை என்று போதகருக்குப் போன் செய்தேன். "உங்க இஷ்டமுங்க" என்றார். விதி விதிதான் என்றார் பேராசிரியர். உடன் படித்தவர்கள் பட்டம் வாங்கிவிட்டார்கள். "சொல்லிட்டே வந்திருக்கலாம், யாருக்கு நஷ்டம்?" என்கிறார் கணவர். சில நாள் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

இப்போது மாமியாரே மகளைத் தூக்கிக்கொண்டு சபை சபையாகப் போய்ச் சாட்சி சொல்கிறார். நல்ல வரவேற்பு. வாழப்பாடியிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. அங்கே நானும் வர வேண்டுமாம், தாய் இல்லாமல் நன்றாக இருக்காதாம். பேச வேண்டியதில்லை, பக்கத்தில் நின்றால் போதும் என்கிறார்.