பூட்டனுக்கு இல்லாத வயல்

என் மருமகள் போலந்துக்காரி. மகன் வேலைக்குப் போன இடத்தில் பழகி, எங்கள் சம்மதத்தோடு கட்டிக்கொண்டான். போன தை மாதம் இருவரும் முதல் முறையாகப் பாளையங்கோட்டை வீட்டுக்கு வந்தார்கள். சொந்தக்காரர்களைச் சாப்பிட அழைத்திருந்தோம். சாப்பாட்டுக்கு நடுவே என் சித்தப்பா மகன், பெண் வீட்டார் பரம்பரையாக என்ன தொழில் என்று கேட்டான்.

அவள் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல மகன் தமிழில் சொன்னான். அவள் அப்பா வழி முன்னோர்கள் ஒரு பிரபுவின் பண்ணையில் தலைமுறை தலைமுறையாகக் கூலியில்லாமல் உழைத்தவர்கள். அவர் அனுமதி இல்லாமல் ஊரை விட்டுப் போகவும் முடியாதாம். அம்மா வழியில் ஒருவர் பீப்பாய் செய்யும் தச்சர், இன்னொருவர் பன்றி மேய்த்தவர். எங்கள் நாட்டிலும் பிரபு வம்சம் என்று சொல்லிக்கொள்ள எல்லோருக்கும் ஆசைதான், தேடிப் பார்த்தால் பாதிக்கு மேல் எங்களைப் போலத்தான் என்று சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை. பன்றி என்ற சொல் காதில் விழுந்ததும் என் மனைவி சொதி வாளியோடு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

சித்தப்பா மகன் தொண்டையைச் செருமிக்கொண்டு, நாங்கள் நிலக்காரர்கள், கல்லிடைக்குறிச்சியில் கோட்டைக் கணக்கில் நெல் விதைத்தவர்கள் என்றான். அவள் ஆவலோடு என் பக்கம் திரும்பி, அந்த வயல் எங்கே இருக்கிறது, போய்ப் பார்க்கலாமா என்று கேட்டாள்.

அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிச் சமாளித்தேன். எல்லாவற்றையும் விற்றாகிவிட்டது என்று பின்னாளில் அப்பா ஒரு முறை சொன்னதோடு சரி. எந்தப் பத்தில் இருந்த வயல், எந்த வாய்க்கால் பாய்ச்சல், யாருக்கு விற்றார், ஒன்றையும் நான் கேட்டதில்லை. அதன் பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பேப்பரை விரித்தால் ஒரே வரியில் கண் நின்றது. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது. கடைசியில், மருமகளைக் காட்டிவிட்டு வருவோம் என்று சாக்குச் சொல்லி, இருவரையும் கூட்டிக்கொண்டு ஆழ்வார்குறிச்சியில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் போனேன்.

அக்காவுக்கு எண்பதை நெருங்குகிற வயது. அத்தான் இறந்து சில வருடங்கள் ஆகின்றன. காப்பி குடித்து முடித்ததும் வயல் எந்தப் பக்கம் என்று கேட்டேன். அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஏல, எந்த வயலு? நம்ம பூட்டன் பண்ணையார் வீட்டுல தவசுப்பிள்ளையால்லா இருந்தாவ."

தவசுப்பிள்ளை என்றால் எங்கள் பக்கத்தில் சமையல்காரர். பண்ணையார் வீட்டுக் கல்யாணத்தில் கொதிக்கிற சோற்று அண்டா சரிந்து அவருக்கு வலது கை முழுக்க வெந்துபோனதாம். அதன் பிறகு கரண்டி பிடிக்க முடியாமல் போனவருக்குப் பண்ணையார் வாய்க்கால் ஓரமாக ஒரு மனை எழுதிக் கொடுத்தார். எங்கள் பரம்பரை நிலம் அவ்வளவுதான்.

பிறகு வந்த வயல் கதையெல்லாம் அப்பாவே கட்டியது. அவருக்கு உத்தியோகம் கிடைத்து, அக்காவுக்கு வசதியான இடத்தில் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் நிலம் பார்க்க வந்தபோது யாருடைய வயலையோ காட்டினார். கல்யாணம் நடந்தது. அதற்கப்புறம் ஒவ்வொரு அறுப்புக்கும் கடையில் நெல் வாங்கி, சொந்த வயலில் விளைந்தது போல மகள் வீட்டுக்கு வண்டியில் அனுப்பி வைத்தார்.

"அறுப்பு முடிஞ்சா என் மாமியா கேப்பாவ, அப்பா வீட்டு நெல்லு வந்திட்டான்னு. வண்டிச் சத்தம் கேக்குத வரைக்கும் எனக்குச் சோறு எறங்காது. நீயும் ஒரு மட்டம் மூட்டையோட வந்து, எங்க வயல் நெல்லுன்னு பெருமையாச் சொன்ன. நான் அடுக்களைய விட்டு வெளியவே வரல."

நான் அதை நம்பித்தான் சொல்லியிருந்தேன். இத்தனை வருடம் ஏன் என்னிடம்கூடச் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, கேட்பதற்கு இனி மாமியார் வீட்டில் யார் இருக்கிறார்கள், அதனால்தான் இன்றைக்குச் சொல்கிறேன் என்றாள்.

மகன் தணிந்த குரலில் மருமகளுக்கு விளக்கினான். அவள் எழுந்துபோய் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். பூட்டன் எதை நன்றாகச் சமைப்பார் என்று அவள் கேட்டதை மகன் தமிழில் சொன்னான்.

"அது யாருக்குத் தெரியும்? பண்ணையார் வீட்டுக்குத்தான சமைச்சாவ. நமக்கா?" என்றாள் அக்கா.

ஊர் திரும்பியதும் சித்தப்பா மகனுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவன் அதிர்ச்சி அடைவான் என்று நினைத்தேன்.

"எனக்குத் தெரியும்ண்ணே. அப்பா சாவுததுக்கு முன்னால சொன்னாவ. மகளுக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டு இருக்கோம். அது முடியுத வரைக்கும் வெளிய பேசிராதிய."

ஆவணியில் அந்தப் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையின் பெரியப்பா என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, நீங்கள் நிலக்காரக் குடும்பமாமே என்று மரியாதையாகக் கேட்டார். எதிரில் சித்தப்பா மகன் வெற்றிலைத் தட்டோடு நின்றான். அவன் முகத்தில் வேர்த்திருந்தது. அவன் மகள் எங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

"அப்படித்தான் சொல்லுவாவ" என்றேன்.

அதற்கு மேல் அங்கே உட்கார முடியவில்லை. கை கழுவி வருகிறேன் என்று எழுந்தேன். அன்றைக்கு இன்னும் பந்தியே போட்டிருக்கவில்லை.